சோதனை ஏழு

அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை என்று பெயர். பிறர் வேலையில் நொட்டை சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே என்பதால் அவளும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற சர்வர்காரன் நாலு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒன்றைக் கட்டி முடித்து, "இதுல உன்னால ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா" என்று கொண்டுவந்து வைப்பான். அரை மணி நேரத்தில் அவள் பதினொரு ஓட்டை கண்டுபிடித்து வரிசையாக எழுதிக் கொடுப்பாள். அவன் முகம் தொங்கிப்போகும். பிறகு இருவரும் சேர்ந்து டீ குடிக்கப் போவார்கள்.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, நாலு பேர். நிறுவனம் என்பது அவ்வளவுதான். முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றார்கள். படம் வரைந்து பக்கங்களை ஒழுங்குபடுத்த ஓவியக்காரி ஒருத்தி இருந்தாள். வயதில் எல்லோரையும்விடச் சின்னவள், வாயில் எல்லோரையும்விடப் பெரியவள். தாங்கள் செய்துகொண்டிருந்த காரியத்தை வெளியாட்களுக்கு விளக்குவதற்குள் அண்ணனுக்கு நாக்குத் தள்ளிவிடும். "நீங்க இப்ப என்ன பண்றீங்களோ அத ஒரு வரியில எங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பணும். உங்க சிநேகிதங்க எல்லாருக்கும் அது போய்ச் சேரும். கம்ப்யூட்டர்லயும் பார்க்கலாம்" என்பார். "எதுக்கு?" என்று கேட்பார்கள். அந்த இடம் வந்ததும் அண்ணன் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குடிப்பார்.

ஒரு வரி என்றால் நிஜமாகவே ஒரு வரிதான். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் எழுபது எழுத்துக்கு மேல் கொள்ளாது. அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் செல்போன் தனித்தனி எழுத்தாக எண்ணிக்கொள்ளும். எழுபதைத் தாண்டியதை இயந்திரம் வெட்டி எறிந்துவிடும். வருகிற செய்திக்கும் போகிற செய்திக்கும் வாசல் ஒரு பழைய செல்போன். அதைக் கம்பியால் சர்வரோடு இணைத்து, மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்திருந்தார்கள். ஓவியக்காரி ஒருநாள் தன் போனுக்குச் சார்ஜ் போடுவதற்காக அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டாள். அன்றைக்கு மொத்த வலையமைப்பும் ஒன்றரை மணி நேரம் ஊமையாகிக் கிடந்தது. வெள்ளோட்டத்தில் சேர்ந்திருந்தவர்கள் நானூறு பேர்தான் என்பதால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

ஆட்கள் சேர்ந்தார்கள், சேர்ந்த வேகத்திலேயே மறந்தும் போனார்கள். அதற்காகச் சர்வர்காரன் ஒரு வசதி செய்தான். தட்டல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு இயந்திரம் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி அனுப்பும்: 'என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?' அதற்கு வருகிற பதில் அவரவர் பக்கத்தில் ஏறிவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்க நொட்டை பத்துப் போலிக் கணக்குகள் உண்டாக்கினாள். சோதனை ஒன்று, சோதனை இரண்டு என்று வரிசையாகப் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்போன் எண் வேண்டும். இருக்கிற நாலு பேரின் போன், அண்ணன் மனைவியின் போன், டயர் கடைக்காரர் போன் என்று ஆறு தேறியது. மிச்சம் நாலுக்கும் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டாள். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுக்கும் அனுப்பிய கேள்வி, அப்படி ஓர் எண்ணே கிடையாது என்று திரும்பி வந்தது. அவளுக்கு வேண்டியதும் அதுதான். ஏழு திரும்பி வரவில்லை. அன்றைக்கு அவள் கையில் வேறு முப்பது ஓட்டைகள் இருந்ததால் அதைக் கவனிக்காமல் விட்டாள்.

மறுநாள் சோதனை ஏழின் பக்கத்தில் ஒரு வரி ஏறியிருந்தது. 'குளத்துத் தண்ணி பார்க்கிறேன். வேற என்ன பண்ணப் போறேன்.'

அடுத்த நாள்: 'குளத்துல தவளை. டிக்கெட் வாங்காம வந்துருக்கான்.'

அதற்கடுத்த வாரம்: 'டைவ் அடிச்சவரோட பல் செட்டு கழண்டுருச்சு. அடியில தேடறோம்.'

ஒரு மழை நாளில்: 'மழை. ஆனா ரெண்டு பேர் குளிக்கிறாங்க. நனையாம இருக்கத்தானாம்.'

நாலு பேருக்கும் காலை வேலையே இதுவாகிவிட்டது. பத்தேகாலுக்கு ஒருவர் திரையைப் பார்த்துச் சிரிப்பார். மற்ற மூவரும் எட்டிப் பார்ப்பார்கள். நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற ஓர் ஆளாகத் தன்னை வைத்துக்கொண்டு, நம்மில் யாரோ ஒருவர் பொழுதுபோக்காக எழுதுகிறார் என்று நால்வரும் நினைத்தார்கள். ஓவியக்காரிதான் எழுதுகிறாள் என்று நொட்டை முடிவு கட்டியிருந்தாள். நொட்டைதான் என்று அண்ணன் நினைத்தார். அண்ணனுக்குள் இப்படி ஒரு ஆள் ஒளிந்திருக்கிறாரே என்று சர்வர்காரன் ஆச்சரியப்பட்டான். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயம். அண்ணன் அதில் மூன்று வரிகளை எடுத்து, வலையமைப்பு என்றால் இப்படித்தான் என்று மாதிரிக்காக முகப்புப் பக்கத்திலேயே போட்டுவிட்டார். எட்டு மாதம் இப்படியே போனது.

இடையிடையே அந்த வரிகள் யாரையோ பார்த்துப் பேசும். 'இன்னிக்கும் கேட்டுட்ட. சந்தோஷம். சாப்பிட்டேன்.' அதையும் எழுதுகிறவரின் கெட்டிக்காரத்தனம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி வந்தது: 'உன் ரூமை வாடகைக்கு விடச் சொல்றா அத்தை. விடட்டுமா?'

"அக்கா, பிரமாதம். கதை சூடு பிடிக்குது" என்றாள் ஓவியக்காரி.

"நீ எழுதிட்டு நீயே பாராட்டிக்கிறயா?" என்றாள் நொட்டை.

"நானா? நீங்க எழுதுறதுன்னுல்ல நெனச்சேன்."

இருவரும் சர்வர்காரனைப் பார்த்தார்கள். "எனக்கு லீவு லெட்டரே எழுத வராது" என்றான் அவன். மூவரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை.

நொட்டை கணக்கைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். அவளே போட்ட எண். வாய்க்கு வந்ததென்று போட்டது ஒருவருடைய சட்டைப் பைக்குள் தினமும் காலை பத்து மணிக்கு மணியடித்திருக்கிறது. ஒரு தகப்பன் எட்டு மாதமாகத் தன் பிள்ளைக்கு எழுதியதை நாலு பேர் உட்கார்ந்து படித்துச் சிரித்திருக்கிறோம் என்று நினைத்ததும் முகமெல்லாம் சுட்டது.

மறுநாள் புதன்கிழமை. பத்து மணிக்கு இயந்திரம் தன் பாட்டுக்குக் கேள்வியை அனுப்பியது. நிறுத்தி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அவர் பதில் உடனே வந்தது: 'கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. வெள்ளிக்கிழமை ஆள் வராங்க.'

ஆகவே மகள். மகளுடைய அறை. வெள்ளிக்கிழமை அதைப் பார்க்க யாரோ வருகிறார்கள். அதற்குள் அவருக்குப் பதில் வேண்டும்.

"பேசாம கணக்க மூடிருவோம்" என்றான் சர்வர்காரன். "எப்படியும் வெள்ளிக்கிழமை மத்தியானம் சோதனைக் கணக்கு, குப்பை எல்லாத்தையும் துடைக்கப்போறேன். திங்கள்கிழமை எல்லாருக்கும் திறப்பு. அவரே மறந்துருவார்."

"மகள் கேக்குறதை எவனாவது மறப்பானா?" என்றார் அண்ணன். "மன்னிப்புக் கேட்டு ஒரு எஸ்எம்எஸ் போட்டுருவோம்."

"எழுபது எழுத்துலயா?" என்றாள் நொட்டை.

"விடாதீங்கப்பான்னு நாமளே பதில் போட்டா என்னக்கா?" என்றாள் ஓவியக்காரி. அவள் கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. "பாவம்க்கா."

"பாவம்தான். அதுக்காக அவர் மகள் பேர்ல நாம பொய் சொல்றதா? நான் செஞ்சது, நானே பேசுறேன்" என்று நொட்டை எழுந்தாள்.

இங்கேதான் அவள் அடுத்த தப்பைச் செய்தாள். தெரியாத எண்ணென்றால் அவர் எடுக்காமல் போகலாம் என்று யோசித்தாள். அது வரைக்கும் சரி. அதனால் டப்பாவைத் திறந்து, கம்பியைக் கழற்றி, அந்தப் பழைய செல்போனிலிருந்தே அழைத்தாள். எல்லாவற்றிலும் ஓட்டை கண்டுபிடிக்கிறவளுக்கு இதில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

முதல் மணி முழுசாக அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார். "சொல்லும்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில், மகள் என்று நினைத்துத்தான் எடுத்திருக்கிறார் என்று அவளுக்கு உறைத்தது. தயார் பண்ணி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "சொல்லும்மா, கேக்குது" என்றார் மறுபடியும். அவள் பயந்துபோய்ப் போனை வைத்துவிட்டாள்.

கம்பியைத் திரும்ப மாட்டியதும் அவரிடமிருந்து வந்து விழுந்தது: 'கட் ஆயிடுச்சு. பரவால்ல. மூச்சு கேட்டுச்சு. போதும்.'

நால்வரும் படித்தார்கள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த எண்ணின் முதல் இலக்கங்கள் இந்த ஊர் வரிசை; ஊரில் பொது நீச்சல் குளம் ஒன்றுதான். வியாழக்கிழமை மதியம் நொட்டை அங்கே போனாள். பெண்கள் நேரம் முடிந்து, பிள்ளைகள் நேரம் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் குளம் காலியாக இருக்கும். டிக்கெட் கொடுக்கிற அம்மாள், "தண்ணிக்காரரா? உள்ள போங்க" என்று கை காட்டினாள். குடிக்கிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மனிதர் டீகூடத் தொட மாட்டார். குளத்துத் தண்ணீருக்கு மருந்து போட்டு, வடிகட்டியைக் கழுவி, பம்பை ஓட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர்.

அவர் குளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, அதில் சொட்டு மருந்து விட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மெல்ல மஞ்சளாக மாறியது. ஐம்பத்தைந்து வயசிருக்கும். சட்டைப் பையில் செல்போன், அது தண்ணீரில் விழாமல் இருக்கக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"ஐயா, உங்களுக்குத் தினமும் ஒரு எஸ்எம்எஸ் வருதில்ல. அது விஷயமா வந்துருக்கேன்."

அவர் சட்டென்று எழுந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டதையும் பொருட்படுத்தவில்லை. "அவ அனுப்புனாளா உங்கள? சிநேகிதியா நீங்க?"

அவள் சொன்னாள். ஒன்றையும் மூடி மறைக்காமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னாள். வாய்க்கு வந்த எண்ணைப் போட்டது, இயந்திரம் கேட்டது, நாலு பேரும் படித்தது, முகப்பில் மூன்று வரிகள் இருப்பது, எல்லாம். அவர் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டார். பார்வை அந்த மஞ்சள் தண்ணீரிலேயே இருந்தது.

"அப்ப எட்டு மாசமா நான் ஒரு மெஷின்கிட்டயா பேசிட்டிருந்தேன்?"

"நாங்க படிச்சோம்ங்கய்யா. தினமும் காத்திருந்து படிச்சோம்."

"நேத்து ஒரு மூச்சு கேட்டுச்சே. அது?"

"அது நான்தான்."

அவர் குழாயிலிருந்ததைக் கீழே ஊற்றிவிட்டு மர பெஞ்சில் போய் உட்கார்ந்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. அவர் கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எத்தனை பேர் படிச்சிருப்பாங்க?" என்று கேட்டார் பிறகு.

"நானூறு பேர் இருக்கும்."

"குளத்துக்கே அவ்வளவு பேர் வர்றதில்ல" என்றார். சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவர் மனைவி இறந்து பன்னிரண்டு வருடம். ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன், கையிலிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, தூர ஊரில் மரவேலை செய்கிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். இவர் வாயில் சனி உட்கார்ந்தது. "இனிமே உன் குரலே என் காதுல விழக்கூடாது" என்று சொல்லிவிட்டார். சொன்ன நிமிஷமே தப்பென்று தெரிந்தது. ஆனால் அப்பன் எப்படியோ மகளும் அப்படித்தான், ஒரு சொல் சொன்னால் அதிலேயே நிற்கிறவள். போனவள் போனவள்தான், கூப்பிடவே இல்லை.

"அதனாலதான் புது நம்பர்லேருந்து எஸ்எம்எஸ் வந்ததும் அவதான்னு நெனச்சேன்" என்றார். "குரல்தானே கூடாதுன்னேன், எழுத்து கூடாதுன்னு சொல்லலியே. அவ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் சட்டம் பேசுவா. பேரு போடாம, நலமான்னு கேக்காம, என்ன பண்றீங்கன்னு மட்டும் கேக்குறாளேன்னு எனக்கு ஒரே பெருமை. நான் திருப்பி யாருன்னு கேக்கல. கேட்டா நிறுத்திருவாளோன்னு பயம்."

"அவங்க பழைய நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

"மனப்பாடமா இருக்கு."

"அப்ப கூப்பிடுங்கய்யா. இப்பவே."

அவர் தலையை ஆட்டினார். "நான் கூப்பிட்டு அவ எடுக்கலன்னா? இவ்வளவு நாள் எடுத்துட்டான்னு நெனச்சிட்டிருந்தேன். இனிமே அதத் தாங்க மாட்டேன்மா."

நொட்டைக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை தோன்றியது. வலையமைப்பில் அழைப்பு என்று ஒரு வசதி இருந்தது. நாம் சேர்க்க விரும்புகிறவரின் எண்ணைக் கொடுத்தால் இயந்திரமே போய்க் கேட்கும். அவர் ஆம் என்று ஒரு சொல் அனுப்பினால் போதும், அன்றிலிருந்து நாம் எழுதுவது அவருக்குப் போகும். அவளே சோதித்து நற்சான்று கொடுத்த வசதி அது. "நீங்க கேக்க வேண்டாம், மெஷின் கேக்கட்டும். அவங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு வார்த்தை என்பது இரு தரப்புக்கும் கௌரவமாகப் பட்டிருக்க வேண்டும்.

கணக்கின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. என்ன பெயர் போடட்டும் என்று கேட்டாள். "அப்பான்னு போடுங்க" என்றார். அலுவலகத்துக்குப் போன் பண்ணிப் பெயரை மாற்றச் சொன்னாள். அவர் மகளின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தி அனுப்பினார். 'அப்பா என்ன செய்கிறார் என்று அறிய விருப்பமா? ஆம்/இல்லை' என்று இயந்திரம் மகளுக்கு அனுப்பியது.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பிள்ளைகள் வந்து குதிக்க ஆரம்பித்தார்கள். கால் மணி நேரம் கழித்து நொட்டை எழுந்தாள். "வரும்ங்கய்யா" என்றாள். அவர் தலையசைத்தார். பம்பு அறைக்குப் போகும்போது போனை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்ததும் வராததுமாகப் பட்டியலைத் திறந்தாள். அழைப்பு: ஒன்று. பதில்: வரவில்லை. பத்து மணிக்குக் கேள்வி போனது. அப்பா என்ற பெயரில் வரி ஏறியது: 'பதில் வரல. சாயங்காலம் ரூமைக் காட்டப் போறேன்.'

ஓவியக்காரி அதைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றாள். அண்ணன் முகப்பிலிருந்த மூன்று வரிகளையும் தானே நீக்கினார். சர்வர்காரன் மட்டும் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, மணி பன்னிரண்டு ஆகப்போகுது. துடைச்சிடவா?"

"இரு" என்றாள்.

எது உறுத்துகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருடம் பேசாத மகள் ஆம் என்று சொல்லாமல் இருக்கலாம்; அது அவள் பாடு. ஆனால் இல்லை என்றுகூடச் சொல்லவில்லையே. அப்பா என்ற சொல்லைப் பார்த்தும் ஒரு பிள்ளை ஒன்றுமே சொல்லாமல் இருக்குமா? நொட்டை தன் போனுக்குத் தானே ஓர் அழைப்பு அனுப்பிக்கொண்டாள். தான் அந்த மகளாக இருந்தால் என்ன அனுப்புவேன் என்று ஒரு நிமிஷம் யோசித்து, மனசில் வந்ததை அப்படியே அடித்தாள். இயந்திரத்திடமிருந்து பதில் வந்தது: 'புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் அனுப்பவும்.' அவள் அனுப்பியது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோதித்த அன்றைக்கு அவள் ஆம் என்று அனுப்பிப் பார்த்தாள், இல்லை என்றும் அனுப்பிப் பார்த்தாள். இரண்டும் வேலை செய்தன. மனிதர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள் என்று நம்பி, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"டேய், புரியாததெல்லாம் எங்க போகுது?"

"குப்பைக்கு. அதத்தான் இப்ப துடைக்கப்போறேன்."

"அதைத் திற."

மகளின் எண்ணிலிருந்து நாலு செய்திகள் கிடந்தன. முதலாவது, அழைப்பு போன மூன்றாவது நிமிஷத்தில் வந்தது. நொட்டையும் அவரும் பெஞ்சில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்.

'யாரு நீங்க? அப்பாவுக்கு என்ன ஆச்சு?'

அதற்குக் கீழே இயந்திரத்தின் பதில்: புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் அனுப்பவும்.

அரை மணி நேரம் கழித்து, 'அப்பா, நீங்களா?'

புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் அனுப்பவும்.

'இன்னும் கோவமா? அதான் ஒரு வார்த்தை மட்டும் பேசணுமா?'

புரியவில்லை. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் அனுப்பவும்.

கடைசிச் செய்தி நேற்று மாலை வந்திருந்தது. 'நிறைய இருக்குப்பா சொல்ல. ஒரு வார்த்தைல முடியாது.'

அதற்கும் புரியவில்லை என்றே போயிருந்தது. அதற்குப் பிறகு மகளிடமிருந்து ஒன்றுமில்லை.

சர்வர்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். நொட்டை நாலையும் ஒரு தாளில் எழுதினாள். இயந்திரம் சொன்னதையும் இடையிடையே எழுதினாள். அதை மறைத்தால் மகளின் வரிகள் அவருக்கு விளங்காது. அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தது. தகப்பன் ஒரு தடவை மகளின் வாயை அடைத்தார். இவள் கட்டிக் காத்த இயந்திரம் அவர் பேரில் நாலு தடவை அடைத்திருக்கிறது. படி இறங்கும்போதே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

குளத்து வாசலில் டிக்கெட் அம்மாள் நிறுத்தினாள். "என்ன எல்லாரும் தண்ணிக்காரரையே தேடுறீங்க? நேத்து மத்தியானம் ஒரு பொண்ணு ஆபீசுக்குப் போன் பண்ணி, அவர் வேலைக்கு வந்துருக்காரா, நல்லாருக்காரான்னு கேட்டுச்சு. நல்லாத்தான் இருக்காருன்னேன். யாருன்னு கேட்டா வச்சிருச்சு. அவருகிட்ட சொல்ல மறந்தே போச்சு."

"அதையும் நீங்களே வந்து சொல்லுங்க" என்று நொட்டை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அவர் வடிகட்டியைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரைக்கும் ஈரமாக நின்றுகொண்டிருந்தார். சட்டையில் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். டிக்கெட் அம்மாள் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். நொட்டை, "தப்பு எங்க பேர்லதான்ங்கய்யா, அவங்க மேல இல்ல" என்று என்னென்னவோ சொன்னாள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"கோவமான்னு கேக்குறா பாருங்க" என்றார். "கோவம் எனக்கு அன்னிக்கே போயிடுச்சு. அத அவகிட்ட யாரும் சொல்லல."

கழுத்திலிருந்த போனைத் தூக்கினார். பெயரைத் தேடவில்லை, விரல் தானாக எண்ணை அழுத்தியது. மணி ஒலிப்பது நொட்டைக்கும் கேட்டது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள். அந்தப் பக்கம் பேச்சில்லை.

"அப்பாதான்மா" என்றார். "மெஷின் இல்ல. அப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டு பம்பு அறைச் சுவரில் சாய்ந்தார்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. பேசும்மா. எவ்வளவு இருக்கோ அவ்வளவும் பேசு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. என்ன சொல்கிறது என்று வெளியே தெரியவில்லை. முதலில் விட்டுவிட்டு வந்தது, பிறகு நிற்காமல் வந்தது. டிக்கெட் அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பிள்ளைகள் வந்து தொப்பென்று குதித்துக் கூச்சல் போட்டார்கள். அவர் ஒரு கையால் மற்றக் காதை அழுத்தி மூடிக்கொண்டு, எட்டு மாதமாக எழுதித் தள்ளிய மனிதர், ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் ம் கொட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை மட்டும், "யாருக்கும் விடலம்மா, உன் ரூம் அப்படியேதான் இருக்கு" என்றார். பிறகு மறுபடியும் ம் கொட்ட ஆரம்பித்தார்.